கைரேகை ஒத்துப்போகவில்லை

முப்பத்தோரு வருசம் ஊரார் வீட்டு மீட்டரைக்
கண்ணைச் சுருக்கிப் படித்தவன் நான்.
இப்போது என் வீட்டு மீட்டரின் முன்னால்
குல்லாயோடு நிற்கிறேன்,
காலை ஐந்தே முக்காலுக்கு.
உள்ளே வசந்தாமணி தண்ணி வாத்துக்கொண்டிருக்கிறாள்.
ஹீட்டர் ஓட ஓட
சிவப்புப் புள்ளி மினுக் மினுக்கென்று
என் பென்சனை எண்ணுகிறது.

"இன்னும் எவ்வளவு நேரமுங்க அம்மிணி?"
"வெளிய நின்னு ரீடிங் எடுக்காம
உள்ள போயி காப்பி வைங்க."
கதவுக்குப் பின்னாலிருந்து
எப்படித்தான் தெரிகிறதோ.

உடுமலையில் குளிர் என்றால்
ஊட்டிக்காரன் சிரிப்பான்.
எங்களுக்கு இது போதும்.
சென்னியப்பன் மகன் திருப்பூர்க் கம்பெனியிலிருந்து
கொண்டுவந்த நாலு ஸ்வெட்டர்,
ஏற்றுமதியில் கழிந்தவை.
ஒன்றில் ஒரு கை நீளம்,
ஒன்றில் ஜிப்பு பாதியோடு நின்றுவிடும்,
என்னுடையதில் பனியில் சறுக்கும் கரடி.
மாட்டிக்கொண்டு நாலு பேர்
தளி ரோட்டில் நடக்கிறோம்.
முதல் வாரம் நாய்கள் குரைத்தன.
பிறகு அவற்றுக்கே சலித்துவிட்டது.

தூரத்தில் காற்றாலைகள்.
ஆனியிலும் ஆடியிலும் பேயாய்ச் சுற்றியவை
இறக்கை அசையாமல் நிற்கின்றன.
"அதுகளுக்கும் ரிட்டயர்மென்ட்" என்பார் தேவசகாயம்,
தினமும் அதே புளியமரத்தடியில்.
தினமும் சிரிப்போம்.
அவர் இருமலில் படுத்த இரண்டு நாளும்
அந்த மரம் வந்ததும் எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.
கடைசியில் ஆறுக்குட்டி
தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொன்னார்.
அவ்வளவு நன்றாக இல்லை.

டீக்கடையில் தகராறு,
இன்றைக்குச் செவ்வாயா புதனா என்று.
காலண்டர் போன வாரத்திலேயே நிற்கிறது;
கிழிக்க வேண்டிய பையன் போர்வைக்குள்.
போண்டா போட்டிருக்கிறார்கள்,
ஆகவே புதன்
என்று தீர்ப்பானது.

புதன் என்றால்
நான் உயிரோடிருப்பதை
அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டிய நாள்.

இ-சேவை மையத்துப் பெண், கவிநிலா,
கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள்.
வைத்தேன்.
ஒத்துப்போகவில்லை என்றது பெட்டி.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
வேட்டியில் தேய்த்து வைத்தேன்.
பனிக்கு வெடித்த விரல், மசியவில்லை.
"ரேகையே காணமுங்க ஐயா" என்றாள்,
வரும் வழியில் நான் எங்கோ போட்டுவிட்ட மாதிரி.
பின்னால் நின்றவர்
"மனுசன் எதிர்லதான நிக்கிறாரு" என்றார்.
பெட்டிக்கு அது பத்தவில்லை.

ஆளுக்கொரு ரோசனை.
விளக்கெண்ணெய் என்றார் சென்னியப்பன்.
தாலுகா ஆபீசில் இருந்த தேவசகாயம்
மனு எழுதலாம் என்று பேனாவே எடுத்துவிட்டார்.
ஆறுக்குட்டி மட்டும் பேசாமல் எதிர்க்கடைக்குப் போய்
கொதிக்கக் கொதிக்க ஒரு டீயோடு வந்தார்.
"குடிச்சுப்போடாதீங்க.
சித்தெ புடிச்சுட்டு நில்லுங்க."

கிளாசில் விரலை ஒட்டி நூறு எண்ணினேன்.
எண்பதில் ஒரு வாய் குடித்தேன்,
யாரும் பார்க்கவில்லை.
வைத்தேன்.
பச்சை விளக்கு.
"இருக்கீங்க ஐயா" என்றாள் கவிநிலா.
மையமே எழுந்து கைதட்டியதாக
சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
தட்டியது அவர் ஒருவர்தான்.

பதினொரு மணி வெயிலில்
மொட்டைமாடியில் வசந்தாமணி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.
நாற்காலியை நிழல் துரத்த
இருவருமாய் நகர்ந்து நகர்ந்து
தண்ணீர்த் தொட்டி வரை வந்துவிட்டோம்.
எல்லாம் சொன்னேன்.
விரலை வாங்கிப் பார்த்தாள்.
"மொச்ச உரிக்கறதுக்கு இது போதும்" என்று
முறத்தை என் பக்கம் தள்ளினாள்.
அரைப்படி முடிந்த பிறகு
தேங்காயெண்ணெய்க் கிண்ணம் வந்தது.
"நாளைக்கு நீங்க மொதல்ல
சுடுதண்ணி வாத்துக்குங்க."

வாத்துக்கொண்டேன்.
நாலு வாளி.
ஐந்தாவதுக்குக் குழாயைத் திருகும்போது
வெளியே மீட்டர்ப் பக்கம்
மெல்ல ஒரு வளையல் சத்தம்.